மூணு மணித் தூக்கம்

"இது கோயிலா ஃபாதர், இல்ல பஸ் ஸ்டாண்டா?"

ஆனி டீச்சர் கேட்ட வேகத்தில், பங்குத்தந்தை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"தினம் மூணு மணிக்கு ஒரு பொம்பளை வந்து படுத்துத் தூங்குறா. ஜன்னலோரமா, வெறுந்தரையில, காலை நீட்டிக்கிட்டு! நான் பீடத்துக்குப் பூ வைக்க வர்றேன், குறட்டைச் சத்தம் கேக்குது."

"யாரு?"

"டவுன்ஷிப்புல ரோடு கூட்டுற கான்ட்ராக்ட் ஆளு. கையில ஜெபமாலைகூட இல்ல. நீங்க கண்டிக்கணும் ஃபாதர்."

பங்குத்தந்தை கொஞ்சம் யோசித்தார்.

"நான் கேட்டா அந்தம்மா பயந்துடும். நீங்களே எழுப்பிக் கேளுங்களேன்."

மறுநாள் மூன்று மணி. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில், தரையில் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. அதன் நடுவே அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தண்ணீரில் மிதக்கிறவளைப் போல ஒரு முகம்.

ஆனி டீச்சர் குனிந்து தோளைத் தட்டினார்.

"ஏம்மா... எழுந்திரு. உன் பேர் என்ன?"

அவள் கண்ணைத் திறந்து முதலில் சிரித்தாள். பிறகுதான் பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"சகாயமேரிங்க. தப்புங்களா டீச்சர்?"

"தூங்குறதுக்கு வீடு இல்லையா உனக்கு?"

"வூடு கம்மாபுரத்துல இருக்குதுங்க. அங்க தூக்கம் வராதுங்க."

"ஏன்?"

"எம் பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டைங்க. பத்து வயசு. அடுத்த மாசம் புதுச்சேரில ஆபரேசன். நாளு குறிச்சதுலேர்ந்து ராத்திரியெல்லாம் அவ நெஞ்சு மேல கைய வச்சிக்கினு குந்திக்கினு இருப்பேன், ஏறி எறங்குதான்னு. கைய எடுத்தா நின்னுடுமோன்னு பயம்."

ஆனி டீச்சர் பக்கத்து பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒரு நாளு ரோட்டுலயே மயக்கமா வந்துச்சிங்க. கோயிலு தொறந்து கெடந்துச்சி. உள்ள வந்து சொல்லிட்டேன். 'ஆண்டவரே, என் ஷிப்டு முடிஞ்சிது. இதுக்கு மேல என்னால முடியல. நான் வூட்டுக்குப் போற வரைக்கும் உன் ஷிப்டு. நீ அவ மேல கைய வச்சிக்கினு இரு'ன்னு. அப்படியே சாஞ்சேன். தூங்கிட்டேங்க."

"பயம் போயிடுச்சா?"

"முழிச்சிக்கினு இருந்தாத்தாங்க பயம். இங்க படுத்தா கனா வருது. எம் பொண்ணு வரப்பு மேல ஓடுறா டீச்சர். மூச்சே வாங்கல. அவரு பாத்துப்பாருங்க. இப்ப வூட்டுலகூடக் கொஞ்சம் கண்ணு அசருது."

சகாயமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலே கால் பஸ்ஸ வுட்டுட்டா புள்ள வாசல்ல நிக்கும். அதனால இங்கயும் அரைத் தூக்கம்தாங்க. இனிமே வரல டீச்சர். மன்னிச்சிக்குங்க."

அவள் எழுந்தாள். ஆனி டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாளைக்கும் வா. நாலு மணிக்கு நானே எழுப்பி விடுறேன். நீ நிம்மதியாத் தூங்கு."

போகும் வழியில் பங்குத்தந்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நாலு மணி தாண்டி, பங்குத்தந்தை கோயிலுக்குள் வந்தார். தரையில் சகாயமேரி. பக்கத்து பெஞ்சில், தூணில் தலையைச் சாய்த்தபடி ஆனி டீச்சர். மூக்குக் கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கியிருந்தது. வைக்காத பூக்கள் மடியிலேயே கிடந்தன.

இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுப்ப மனசு வராமல் அவர் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"சகாயமேரி! பஸ்ஸு!"

அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஓடினாள்.

சத்தத்தில் ஆனி டீச்சரும் விழித்துக்கொண்டார்.

"ஐயோ... நானும் தூங்கிட்டேனா?"

"நல்லாவே!" பங்குத்தந்தை சிரித்தார். "எத்தனை நாளாச்சு டீச்சர், இப்படித் தூங்கி?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு மாசம் ஃபாதர். எங்க பையன் அலெக்சாண்டர் அவங்க அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து. போன் ஆஃப். வாட்ஸ்அப்புல லாஸ்ட் சீன் மார்ச் மூணு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வெளியில எல்லார்கிட்டயும் பெங்களூர்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பங்குத்தந்தை எதிரே உட்கார்ந்தார்.

"ஜெபமாலை ஒரு நாளும் தவறினதில்ல ஃபாதர். ஆனா ஒரு நாள்கூட அவனை ஆண்டவர் கையில விட்டதில்ல. இன்னைக்குத்தான் சகாயமேரி சொன்ன மாதிரியே சொல்லிப் பாத்தேன். கண்ணு தானா மூடிடுச்சு. கனவுல அவன் எங்கயோ உக்காந்து ரசம் சோறு சாப்பிடுறான் ஃபாதர். இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுறான்."

மடியிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

"அன்னைக்கு நான் உங்ககிட்ட வந்து சொன்னது கம்ப்ளெயின்ட் இல்ல ஃபாதர். பொறாமை."