ஏழாம் பக்கத்து இருமல்

ஏழாம் பக்கம் வந்ததும் சிட்டு வாசிப்பை நிறுத்தி இரண்டு முறை இருமினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து கடகடவென்று தொடர்ந்தாள்.

டீச்சர் புத்தகத்தை மெல்ல மூடினார்.

மூடிய அட்டையைப் பார்த்தபடியே சிட்டு மீதிக் கதையையும் சொல்லி முடித்தாள், இன்னோர் இருமலோடு.

"படிக்கலம்மா, அப்படியே ஒப்பிக்கறா. இருமல் உட்பட" என்றார் டீச்சர்.

ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. புத்தகம் இருந்த வேற்று மொழியில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

கப்பலில் சமையல்காரராக இருக்கும் சிட்டுவின் அப்பா, அதே புத்தகத்தில் இன்னொன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருந்தார். வாரம் ஒரு கதை வாசித்துப் போனில் அனுப்புவார். சிட்டு வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். நடுநடுவே அவர் இருமுவதும் கேட்கும். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லைபோல என்று அம்மாவுக்குக் கவலை. பேசும்போதெல்லாம் மருந்தை நினைவுபடுத்துவாள். சாப்பிடறேன், சாப்பிடறேன் என்பார்.

டீச்சர் அலமாரியிலிருந்து சிட்டு கண்ணாலும் பார்த்திராத புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். இதுவும் வராவிட்டால் கீழ் வகுப்புதான்.

சிட்டு முதல் சொல்லில் விரல் வைத்தாள். படித்தாள். இரண்டாவது. மூன்றாவது. தத்தித் தத்தித்தான், ஆனால் சரியாக.

நான்காவது சொல் ரயில் மாதிரி நீளமாகக் கிடந்தது.

சிட்டு இருமினாள்.

இருமிய கையோடு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. பிறகு அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தொண்டை சரியில்லையாடா?"

"இல்ல டீச்சர். கஷ்டமான வார்த்தை வந்தா இருமணும். அதுக்குள்ள எழுத்துக் கூட்டிடலாம். எங்கப்பா அப்படித்தான் படிப்பாரு."

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தான் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

அன்று மாலை போன் வந்தது. "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடறேன்" என்று அவரே முந்திக்கொண்டார்.

"அது கிடக்கட்டும்" என்றாள் அம்மா. "அடுத்த கதையை நிதானமா படிச்சு அனுப்புங்க. இருமல் வந்தா வரட்டும்."