விரல் அக்கா

கைப்பேசிக்குள் இருந்த விரல்களில் புள்ளி இல்லை.

அவள் தன் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மோதிர விரலின் நுனியில் அது இருந்தது. நெல் அளவில் தொடங்கி, இப்போது பாதாம் பருப்பு அளவு. வெள்ளை.

வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, தோலின் நிறம் மட்டும் போகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தனியாகத்தான் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள். போன வாரம் எடுத்த காணொளி. அரக்குப் பட்டு அலை அலையாக வந்தது. விரல்கள் அதை மடிப்பு மடிப்பாக அடுக்கி, கிளிப் போட்டு, இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுத்தன.

பத்து விரல்கள். ஒரே மாநிறம்.

தன் காணொளிகளை அவள் பார்ப்பதே இல்லை. கூச்சம். இன்று மட்டும் ஏனோ பார்க்கத் தோன்றியது.

கல்யாணப் புடவைகளுக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்துக் கொடுப்பது அவள் தொழில். மூன்று மாதமாக அந்த விரலைப் பட்டுக்குள் ஒளித்தே வேலை செய்தாள். வீட்டில் முந்தானைக்குள். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

அவன்தான் அவள் காணொளிகளை எடுப்பவன். அவள் கணவன்.

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் வேலை. அவன் கைபட்டால் எந்த முகத்திலும் பரு நிற்காது, கருவளையம் நிற்காது. ஒருமுறை மணப்பெண்ணின் தாடை மச்சத்தையும் சேர்த்தே துடைத்துவிட்டான். பெண்ணின் அம்மா கடை வாசலில் வந்து நின்றாள்.

“எம் பொண்ணு மச்சத்த எங்கய்யா வச்சிருக்க? மரியாதையா எடுத்துக் குடு!”

அன்று இரவு அதைச் சொல்லிச் சொல்லி இருவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்படிச் சிரித்தார்கள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு காணொளியிலும் அவள் விரலைத் தேடிப் பிடித்து, நிறம் பூசி, ஒன்றுமே நடக்காதது போல அவளிடம் கொடுத்திருக்கிறான்.

கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

வெளியே எல்லோருக்கும் தெரிந்தது அந்த விரல்கள் மட்டும்தான். முகம் இல்லை, குரல் இல்லை, ஊர் இல்லை. ‘விரல் அக்கா’ என்பார்கள். வகுப்பில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொண்ட பெண், அந்தப் பெயருக்குள் போனதும் தண்ணீருக்கு அடியில் நடப்பவளைப் போல லேசாகிவிடுவாள்.

நான்கு மணிக்கு நேரலை. அவளுடைய முதல் நேரலை. நாளைக்குக் கல்யாணமாகிற பெண்ணின் முகூர்த்தப் புடவை மேசை மேல் காத்திருந்தது.

அவன் உள்ளே வந்தான். அவள் மடியில் கைப்பேசி. அதில் அசையாமல் நின்றிருந்த அந்த விரல்.

பார்த்தான். புரிந்துகொண்டான்.

சட்டைப் பையிலிருந்து சின்ன டியூப் ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். தோல் நிறத்தில் ஒரு கிரீம்.

“லைவ்ல என்னால ஒண்ணும் பண்ண முடியாது, வல்லி.”

“எப்ப பாத்தீங்க?”

“பொங்கலுக்கு. கோலம் போட்டுட்டு வந்து கை கழுவுனியே, அப்ப.”

பொங்கல்.

அவளே கவனித்தது மாசி கழிந்துதான்.

கிரீமைப் பிதுக்கி விரலில் தடவினாள். வெள்ளை மறைந்தது. கைப்பேசிக்குள் இருந்தவளின் விரல் இவள் கைக்கு வந்துவிட்டது.

அழகாகத்தான் இருந்தது.

புடவையைத் தொடப் போனாள்.

பட்டுக்கு ஒரு சாண் மேலே கை நின்றது.

மடிப்பு வேலைக்கு உட்காரும் முன் அவள் கையில் எண்ணெய் கூடாது, கிரீம் கூடாது. கழுவித் துடைத்த வெறும் கைதான். பட்டில் கறை ஏறினால் போகாது. இது யாரோ ஒரு பெண் நாளை உடுத்திக்கொண்டு மணையில் உட்காரப் போகிற புடவை.

எழுந்து போய்க் கை கழுவினாள். ஒருமுறை. இன்னொருமுறை.

அவன் வாசல்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணி. அவன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றான்.

மஞ்சள் வெயில் மேசை மேல் விழுந்தது. எலுமிச்சை நிறப் பட்டு, கனவில் வருகிற ஆறு போல அவள் கைகளுக்குள் வந்தது. முதல் மடிப்பு. இரண்டு. மூன்று. விரலை ஒளிக்க அவளுக்கு நினைவு வரவில்லை.

மேசையோரம் இருந்த இன்னொரு கைப்பேசியில் பார்ப்பவர்களின் எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின.

“அக்கா, கலரு கண்ணப் பறிக்குது!”

“வெரல்ல என்னக்கா?”

“இது எங்க அக்கா கை இல்லையே.”

“யாருங்க நீங்க? விரல் அக்காவக் கூப்பிடுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். நிறுத்திவிடவா என்று கேட்டது அந்தப் பார்வை. கட்டைவிரல் திரைக்கு மேலே தயாராக இருந்தது.

அவள் ஐந்தாவது மடிப்பின் நடுவில் இருந்தாள். நடுவில் விட்டால் எல்லாம் சரிந்துவிடும். முடித்தாள். கிளிப் போட்டாள். நீவிவிட்டாள்.

“அக்கா இன்னைக்கு லீவு,” என்றாள்.

குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

“நான் செண்பகவல்லி. கோவில்பட்டி.”

எழுத்துகள் ஒரு கணம் நின்றன.

இத்தனை காணொளிகளில் ஒருமுறைகூட ஆடாத படம், இப்போது ஆடியது. கொஞ்சம் அல்ல. நன்றாகவே.

அவள் நிமிரவில்லை. ஆறாவது மடிப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“நேராப் பிடிங்க.”