மூக்கு நுனி வரைக்கும்

"கஷ்டப்படறது அட்டெண்டர், பேர் வாங்கறது பிசிக்ஸ் சார். நீங்களே வந்து பாருங்க மேடம்!"

கணக்கு டீச்சர் மூன்றாவது தடவையாக இதைச் சொன்னதும் தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அப்படி என்னதான் பண்றார்?"

"போன வாரம் ஆணிப் பலகை மேல அந்த மனுஷனைப் படுக்க வெச்சார். அதுக்கு முந்தி, சுத்தற நாற்காலியில உட்கார வெச்சு ராட்டினமா சுத்தி விட்டார். இவர் என்னடான்னா கடைசி பெஞ்ச்ல ஜம்முனு உட்கார்ந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கிறார். இளிச்சவாயர் கிடைச்சா தலையில மிளகாய்தானே அரைப்பாங்க?"

தலைமை ஆசிரியை நேராக ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்.

உள்ளே பதினோராம் வகுப்பு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு கயிறு. அதன் நுனியில் மனிதத் தலை அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு. காக்கிச் சட்டை போட்ட லேப் அட்டெண்டர் சுவரோடு ஒட்டி நின்று, அந்தக் குண்டைத் தன் மூக்கு நுனியில் வைத்துப் பிடித்திருந்தார்.

"விடுங்க," என்றார் பிசிக்ஸ் சார், கடைசி பெஞ்ச்சிலிருந்து.

அட்டெண்டர் விட்டார்.

குண்டு அந்தக் கோடி வரை போயிற்று. திரும்பியது. போனதைவிட வருவதுதான் பயங்கரமாக இருந்தது. தலைமை ஆசிரியை தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் குண்டு ஒரு கணம் நின்று, வந்த வழியே போய்விட்டது. அட்டெண்டர் கண்கூட இமைக்கவில்லை.

வகுப்பே எழுந்து நின்று கூச்சல் போட்டது.

"சார், ஏன் சார் இடிக்கல?" என்றான் ஒருவன்.

"என்னைக் கேட்டா? முகத்தைக் கொடுத்தவரைக் கேளு."

அட்டெண்டர் குண்டைப் பிடித்து நிறுத்தினார். "விட்ட உயரத்துக்கு மேல அதால ஏற முடியாது தம்பி. போற வழியில காத்து வேற அதோட சக்தியைக் கொஞ்சம் தின்னுடும். நான் சும்மா விட்டேன். தள்ளி விட்டிருந்தேன்னா இந்நேரம் எனக்கு மூக்கு இருக்காது."

சிரிப்பு அடங்கப் பார்த்தது. அவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டதும் மறுபடி கிளம்பியது.

'பாடம் நடத்தறதும் அவர்தானா!' தலைமை ஆசிரியைக்குக் காது சுட்டது.

மணி அடித்ததும் பிசிக்ஸ் சாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏன் சார், அந்தச் சுவர்ல நீங்க நிக்கக் கூடாதா?"

"அவர் நல்லா நிக்கிறார் மேடம்."

"குண்டு ரெண்டு விரற்கடை கூட வந்திருந்தா?"

"வராது மேடம். கிளாஸுக்கு முந்தியே நான் பத்துத் தடவை நின்னு பார்த்துட்டேன். ஆணிப் பலகையிலயும் முதல்ல நான்தான் படுத்தேன். ஒரு சட்டை போச்சு."

"அவ்வளவு தைரியம் இருக்கிறவர் பிள்ளைங்க முன்னாடி செய்யறதுக்கு என்ன?"

அவர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து எல்லாச் சோதனையும் நீங்கதான் செய்யணும். அட்டெண்டர் சாமான் எடுத்துக் கொடுத்தா போதும். புரியுதா?"

பிசிக்ஸ் சார் தலையாட்டினார். "சரி மேடம்."

அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. கதவருகே காக்கிச் சட்டை தெரிந்தது.

"வாங்க, வாங்க. இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை," என்றார் தலைமை ஆசிரியை மலர்ச்சியோடு.

"அதைப் பத்தித்தான் மேடம் வந்தேன். அந்த உத்தரவை நீங்க திருப்பி வாங்கிக்கணும்."

"சார் சொல்லி அனுப்பினாரா?"

"ஐயோ, இல்லைங்க. நாளையிலேருந்து தானே செய்யறதா மட்டும்தான் சொன்னார். நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

"அப்புறம் என்ன? ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா உங்க குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?"

"குடும்பத்துக்காகத்தான் மேடம் கேட்கிறேன்." அவர் குரல் இறங்கியது. "என் பொண்ணு அந்தக் கிளாஸ்லதான் படிக்கிறா."

தலைமை ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க சேர்ந்த அன்னிக்கே, 'ஸ்கூல்ல என்கிட்ட பேசாதேப்பா, உன்னை யாருன்னே தெரியாத மாதிரி இருந்துக்கறேன்'னுட்டா. அவளைக் குத்தம் சொல்லல, வயசு அப்படி. நான் லேப்பைப் பெருக்கிக்கிட்டிருந்தா அந்தப் பக்கமே திரும்ப மாட்டா. சார் அதை எப்படிக் கவனிச்சாரோ, ஒரு வார்த்தை என்னைக் கேட்கல. அடுத்த வாரத்துலேருந்து ஒவ்வொரு சோதனைக்கும் என்னையே கூப்பிட ஆரம்பிச்சார். பிள்ளைங்க என்ன கேட்டாலும் நான் முழிக்கக் கூடாதுன்னு, சாயங்காலம் சாயங்காலம் எனக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறார்."

தலைமை ஆசிரியை எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னிக்குக் குண்டு திரும்பிப் போனதும் அத்தனை பேரும் கத்தினாங்களே, அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது மேடம். பக்கத்துல இருந்தவளைப் பிடிச்சு உலுக்கி அவ சொன்னா, 'ஏய், அது எங்க அப்பாடி!'"