அரைமணி நேரம்

ஆலாப் பறவைக் கூட்டம் மொத்தமாய்ப் பறந்தால்தான் படம் எடுபடும். ஜெகதாப்பட்டினத்துக்கு அப்பால் கடல் நடுவே மணல்திட்டில் நின்று, அடைகாத்த பறவைகள் மேல் கவியரசன் கிளிஞ்சல்களை அள்ளி எறிந்துகொண்டே இருந்தான்.

"அதுகள உக்கார விடுங்க தம்பி. முட்டையெல்லாம் வெயில்ல வெந்துரும்," என்றார் படகோட்டி நாகராசு.

"அரைமணி நேரந்தாண்ணே."

மறுநாள் மதியம் புதுக்கோட்டை வீட்டில் படங்களைப் பார்த்தான். எடுத்தது நானூறு, கேமராவில் நானூற்றொன்று இருந்தது. கடைசிப் படம் வானத்திலிருந்து எடுத்தது. அவன் வீட்டு முற்றம். கொளுத்தும் வெயிலில் குழந்தையின் தொட்டில்.

"பரிமளா, பாப்பா எங்க?"

"வேப்பமரத்து நெழல்லதாங்க தொட்டிலப் போட்டிருக்கேன்," என்றாள் மனைவி.

ஓடினான். நடுவெயிலில் கிடந்த தொட்டிலில் குழந்தை வீறிட்டது. முற்றத்தில் கால் வைத்ததும் ஈரக் கிளிஞ்சலொன்று நெற்றியைக் கிழித்தது. பின்வாங்கினான். மறுபடி கால் வைத்தான், மறுபடி விழுந்தது. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை.

அரைமணி நேரத்தில் முதல் நிமிடம்கூட இன்னும் முடியவில்லை.