ஆஸ்பத்திரி ஜல்லி

மலையை உடைக்கத் தடை வந்தபின், இடித்த கட்டடங்களின் ஜல்லியில்தான் புது வீடுகள் எழும்பின. எந்தக் கட்டடத்து ஜல்லி என்று ஒவ்வொரு குவியலிலும் பலகை நட வேண்டும். கல்யாண மண்டப ஜல்லிக்கு அடிதடி நடக்கும். ஆஸ்பத்திரி ஜல்லியை ஒருவரும் சீண்டுவதில்லை. கலவை போடும் எஸ்தருக்கு இந்தக் கூத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

அன்று மத்தியானம் ஜல்லி வாங்க வந்த மாசானம், கட்டப்போகும் வீட்டின் படுக்கையறைக்கு அந்த ஆஸ்பத்திரிக் குவியலைத்தான் கேட்டார்.

"தெரிஞ்சுதான் கேக்கீயளா அண்ணாச்சி?"

"எம் மவ அங்கதாம்மா பொறந்தா. ரெண்டு நாள் இருந்தா. வீட்டுக்குக் கொண்டாரக் குடுத்து வைக்கல."

எஸ்தர் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். பிறகு தொழில் பேச்சுக்கே திரும்பினாள்.

"பழைய ஜல்லி ரொம்பத் தண்ணி குடிக்கும். அப்படியே போட்டா கலவைத் தண்ணிய இழுத்துக்கிடும், கான்கிரீட்டு நிக்காது. முதல்ல வயிறு நெறையக் குடுத்து ஒரு நாள் ஊறப்போடணும்."

"நானே ஊத்தட்டுமா?"

அவள் ரப்பர் குழாயை நீட்டினாள். வெயிலில் கிடந்த குழாய். மாசானம் முதல் தண்ணீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்தார். சூடு ஆறும்வரை மண்ணில் ஓடவிட்டு, அதன்பிறகே ஜல்லியின்மேல் மெதுவாக ஊற்றத் தொடங்கினார்.