பாலனின் மெத்தை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மெத்தையைத் தின்று, போர்வையைத் தின்று, கடைசியில் தலையணைக்கு அடித்துக்கொண்ட பிள்ளைகளின் கதை இது.

சீனக் கடற்கரையில், போர்த்துகீசியர் ஆண்ட மக்காவு நகரில் ஒரு மாடிவீடு. கிறிஸ்துமஸ் மத்தியானம். சட்டிக் குழம்பு மேசைக்கு வந்துவிட்டது. குடிலில் மட்டும் பாலன் இயேசுவைக் காணோம்.

நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் அம்மா தன் கையால் வைத்த, சுண்டுவிரல் நீளத் தந்தப் பாலன். அப்பா கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். அம்மாவுக்குப் பூனைமேல் சந்தேகம்.

தேடாதவள் ஏழு வயது நத்தேர்சியா ஒருத்திதான். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் பக்கத்தில் மூன்று நாற்காலிகள் காலி. பின்தெரு எவரிஸ்து மாமாவின் பிள்ளைகளுடையவை.

தேங்காயும் பாதாமும் போட்டுக் கிண்டிய அலுவாதான் பாலனுக்கு மெத்தை. மாவை மெல்லிசாகத் தேய்த்துப் பொரித்து மடித்தது போர்வை. பூரணம் வைத்த குட்டிப் பலகாரம் தலையணை. வருஷா வருஷம் நாலு பிள்ளைகளும் சேர்ந்து தட்டில் படுக்கை விரிப்பார்கள். விரித்த கையோடு, கடைசித் தலையணைக்கு அடித்துக்கொண்டு, தின்றும் தீர்ப்பார்கள்.

இந்த வருஷம் அது கிடையாது. தாத்தா ஆடிய மாஜோங் ஆட்டக் காய்ப்பெட்டி யாருக்கு என்று அம்மாவுக்கும் அவள் தம்பி எவரிஸ்துவுக்கும் கோடையில் மூண்ட சண்டை இன்னும் அணையவில்லை. அம்மா கூப்பிடமாட்டாள். கூப்பிடாமல் மாமா வரமாட்டார்.

அதனால் காலையில் நத்தேர்சியா தனியாகவே படுக்கை விரித்தாள். அம்மா அதைத் துணியால் மூடி, கீழ்வீட்டு ஞானத்தாயிடம் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள். போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

எவரிஸ்து மாமா. ஒரு கக்கத்தில் மாஜோங் பெட்டி. இன்னொரு கையில் கைக்குட்டை. அதில், முதுகெல்லாம் அலுவா ஒட்டிய பாலன் இயேசு.

"வாசப்படியில வச்சுட்டு ஓடிட்டா யாருன்னு தெரியாதா, அக்கா? தட்டு உன் தட்டுதானே. நம்ம சண்டை நம்மளோட. பாலனையே படுக்கையோட அனுப்பிக் கூப்பிட்டிருக்கே, நான் வராம இருப்பேனா?"

தான் எதையும் அனுப்பவில்லை என்று சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். குழம்பு ஆறுகிறது, உள்ளே வா என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் அந்த வீட்டில் யார் பேசுவது யாருக்குக் கேட்டது! மாஜோங் காய்கள் கலகலத்தன. பாலன் வெந்நீரில் குளித்துவிட்டுக் குடிலுக்குப் போனார்.

சாயங்காலம் கீழ்வீட்டு ஞானத்தாய் முனகிக்கொண்டே படியேறி வந்தாள்.

"என்னடி, இந்த வருஷம் எனக்கு அலுவா கிடையாதா?"

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

மேசைக்கடியில் நத்தேர்சியா ஒரு தலையணையை மூன்றாகப் பிட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா ஞானத்தாய்க்கு இன்னொரு தட்டு நிரப்பினாள். அதைத் தானே கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

உங்கள் வீட்டு மேசையிலும் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்க வேண்டாம் கண்ணுகளா. தட்டுகள் வழி தவறினாலும் சரியான வாசலிலேயே போய்ச் சேரட்டும்.