இரண்டாம் பிரதிவாதியின் செலவு

எஸ்தர் வீட்டுக்குப் போகும் பாதையை மறித்து ஒரு சுவர் எழும்பியது. அந்த நிலம் அவளுடைய தம்பிகள் இருவருக்கும் பொது. கட்டியது யாரென்று கேட்டதற்குப் பெரிய தம்பி சாலமோன் வாயே திறக்கவில்லை. சின்னவன் தேவசகாயம் "நான் இல்லக்கா" என்றதை அவள் நம்பவில்லை. இருவர்மேலும் வழக்குப் போட்டாள்.

கட்டியவன் சாலமோன் என்று தீர்ப்பானது. சுவரை இடிக்க உத்தரவு. தேவசகாயத்தின் வழக்குச் செலவை யார் கொடுப்பது என்பதுதான் மிச்சம்.

"தேவசகாயத்தை வீணா இழுத்தது அக்காதான்" என்றார் சாலமோனின் வக்கீல்.

"சாலமோன் உண்மையைச் சொல்லியிருந்தா அவரை ஏன் இழுக்கப்போறோம்?" என்றார் எஸ்தரின் வக்கீல்.

நீதிபதி தேவசகாயத்தைப் பார்த்தார். "நீங்க வக்கீலே வைக்கலையே. என்ன செலவு?"

"பஸ் சார்ஜ்தான் ஐயா. அதுவும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்காதான் டிக்கெட் எடுத்தா."

"வழக்குப் போட்டவங்களா?"

"ஊருக்கு ஒரே பஸ்தானே ஐயா."

எஸ்தர் தலைகுனிந்துகொண்டாள். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் பணத்தைச் சாலமோன் அக்காவுக்குக் கொடுக்கவேண்டும் என்றார்.

"கொடுத்திருதேன் ஐயா" என்றான் சாலமோன். "நானும் அதே பஸ்லதான் வந்தேன். எனக்கு ஒரு தடவகூட அவ டிக்கெட் எடுக்கல."